அக்காவின் முறைத் தண்ணீர்

கவலைப்படுவதை நான் ஒரு குற்றமாக எண்ணியதே இல்லை. குடும்பத்தைச் சுமக்கிறவனுக்குக் கவலை இல்லாவிட்டால் அவன் பொறுப்பற்றவன் என்பதுதான் என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பேச்சு. இரவெல்லாம் கண் மூடாமல் கணக்குப் போடுகிறவனைப் பார்த்து, "பாவம் மனுஷன், புள்ளைங்களுக்காக இப்படி மாயிறாரு" என்பார்கள். என்னைப் பற்றியும் அப்படிச் சொன்னார்கள். அதைக் கேட்டு உள்ளுக்குள் மகிழ்ந்தும் இருக்கிறேன். அந்தக் கவலை என்னை எதுவரை கொண்டுபோனது என்பதை இங்கே எழுதுகிறேன். எழுதச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிப் பின்னால் வரும்.

நான் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடைமடை விவசாயி. வேளாங்கண்ணிக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் ஊர். பரம்பரை பரம்பரையாகக் கத்தோலிக்கக் குடும்பம். பத்து மா நிலம். வெள்ளையாற்றிலிருந்து பிரிகிற ஒரு சிறு வாய்க்கால்தான் எங்களுக்கு எல்லாம். மேற்கே தஞ்சாவூர்ப் பக்கம் ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் மோட்டாரைப் போட்டுக்கொள்வார்கள். நாங்கள் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். கடல் அவ்வளவு பக்கம்.

மேட்டூரில் திறக்கிற தண்ணீர் மூன்று நாளில் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மறுபடியும் பிரியும். இப்படிப் பிரிந்து பிரிந்து, வழியில் இருக்கிற ஊரெல்லாம் பாய்ச்சியது போக மிச்சம்தான் கடலோரத்துக்கு. கல்லணை திறந்துவிட்டார்கள் என்று பேப்பரில் படம் வரும், அமைச்சர் மலர் தூவுவார். எங்கள் வாய்க்காலில் அன்றைக்கு ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்.

ஜூன் 12 என்ற தேதியை டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1934-இல் மேட்டூர் அணை பாசனத்துக்கு வந்த பிறகு, குறுவைக்காக அணை திறக்க வழக்கமாக வைத்த நாள் அது. தண்ணீர் இருந்தால் திறப்பார்கள். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டும் அந்த நாளில் திறக்கவில்லை. குறுவை என்ற பேச்சே எங்கள் பக்கம் மறைந்துபோனது. சம்பா ஒன்றுதான் மிச்சம். அணை திறந்தது 2012-இல் செப்டம்பர் 17. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 2. 2014-இல் ஆகஸ்ட் 15. தேதிகளை எங்கும் பார்த்து எழுதவில்லை. அந்த ஆண்டுகளில் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பேப்பரைப் பிரித்து மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்த்தவன் நான். நிறைந்தால் 120 அடி, 93.47 டி.எம்.சி. வருகிற வரத்து எவ்வளவு, போகிற போக்கு எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணிவிட்டுத்தான் பல்லே விளக்குவேன். கோயில் வாசகம் எத்தனையாவது அதிகாரம் என்பது மறந்துபோகும், நீர்மட்டம் மறக்காது.

இதே நான்தான் ஊர் மாதா கெபியில் முன்னால் நின்று செபமாலை சொல்வேன். உபதேசியார் இல்லாத ஊர் எங்களுடையது. பங்குச் சாமியார் மாதம் இரண்டு முறை வந்து பூசை வைப்பார். மற்ற நாளில் செபம் சொல்வது, வாசகத்தை விளக்கிச் சொல்வது, சாவு வீட்டில் ஆறுதல் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. வயற்காட்டு லில்லிப் பூக்களைப் பற்றியும் வானத்துப் பறவைகளைப் பற்றியும் இயேசு சொன்னதை நான் எத்தனை முறை விளக்கியிருக்கிறேனோ தெரியாது. "ஆண்டவருக்கு ஒரு நேரம் இருக்கு, நமக்குத் தெரியாது, காத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, டார்ச்சை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்கப் போவேன்.

2016-இல் என் மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீடு திருத்துறைப்பூண்டிப் பக்கம், அவர்களும் விவசாயக் குடும்பம். என் திட்டம் மிகச் சுருக்கம். தையில் சம்பா அறுப்பு. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்ததும் கல்யாணம். தவக்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. 2017-இல் சாம்பல் புதன் மார்ச் 1. ஆகவே அறுப்புக்கும் சாம்பல் புதனுக்கும் நடுவே கிடைக்கிற சில வாரத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். கூட்டுறவுக் கடன், நகைக்கடன், உரக்கடைப் பாக்கி எல்லாவற்றையும் அதே நெல்லின் மேல் ஏற்றிவைத்தேன்.

ஜூன் போனது, ஜூலை போனது. ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறியது. சாரைசாரையாகக் காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். அந்த ஆண்டு அவர்களுக்கு நீர்மோர் கொடுத்துக்கொண்டே, கர்நாடகம் தண்ணீர் விடுமா என்று பேசிக்கொண்டிருந்தோம். செப்டம்பர் 5-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 12-ஆம் தேதி பெங்களூரில் கலவரம், தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்தன. 20-ஆம் தேதிதான் மேட்டூர் திறந்தார்கள். வந்த வரைக்கும் போதும் என்று எல்லோரும் புழுதியில் விதை தெளித்திருந்தோம். ஒரு மழைக்கு முளைத்து, அடுத்த ஈரத்துக்கு ஏங்கி நின்றது பயிர்.

என் செபம் அந்த நாட்களில் எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். மாதாவிடம் நேர்ச்சை வைத்தேன். நல்லபடியாக விளைந்தால் முதல் மூட்டை கோயிலுக்கு. அதில் தப்பில்லை, எங்கள் முன்னோர் செய்ததுதான். ஆனால் என் செபத்தில் தேதி இருந்தது. அக்டோபர் பத்துக்குள் தண்ணீர், தீபாவளிக்குள் மழை, தைக்குள் கதிர், சாம்பல் புதனுக்குள் கல்யாணம். நான் வேண்டிக்கொள்வதாக நினைத்தேன். உண்மையில் கடவுளுக்குக் கெடு விதித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கெடுவும் தாண்டும்போது என் கோபம் வீட்டில் இருப்பவர்கள் மேல் இறங்கியது. மகள் கல்யாணச் சேலை பற்றி ஒரு வார்த்தை பேசினால் எரிந்து விழுந்தேன். "ஏங்க, மாப்பிள்ளை வீட்டுல ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்" என்று மனைவி பலமுறை சொன்னாள். மானம் போய்விடும் என்று அவள் வாயை அடைத்தேன்.

அக்டோபரில் தண்ணீர் வந்தது, நூல் மாதிரி. ஊர் கூடி முறை வைத்தோம். முறைப்பாசனம் எங்களுக்குப் புதிதில்லை. இத்தனை மாவுக்கு இத்தனை நேரம் என்று பேசி, ஒவ்வொருவராகப் பாய்ச்சிக்கொள்வது. ராத்திரி முறையும் உண்டு, அவரவர் மடையில் அவரவர் நிற்க வேண்டும். சீட்டெழுதிப் படித்ததும் நான்தான், செபம் சொல்கிறவன் நியாயமாகச் செய்வான் என்று என்னிடம் விட்டார்கள்.

என் நிலத்துக்குக் கீழே ஓர் அக்காவின் நிலம். உறவில்லை, ஆனால் நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் இறந்தபின் தானே நின்று சாகுபடி செய்தவர். மகன் வெளிநாட்டில் வேலை. அந்த வாரம் அவருக்கு நடுராத்திரியிலிருந்து விடியற்காலை வரை முறை. எனக்கு மறுநாள் பிற்பகல்.

தீபாவளிக்கு முந்தின வாரம். அன்று மாலை கெபியில் வழக்கம்போல் செபமாலை முடிந்தது. அக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம் என்பதால் நல்ல கூட்டம். முடிவில் மழைக்காகத் தனியாக வேண்டிக்கொண்டோம். பயப்படாதீர்கள், ஆண்டவர் கைவிடமாட்டார் என்று நான் சொன்னேன். அக்கா முன்வரிசையில் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் மேலூர்க்காரர் ஒருவரிடமிருந்து போன் வந்தது. ரெகுலேட்டரில் நாளைக் காலை அடைத்துவிடுவார்களாம், அடுத்த பக்கத்துக்குத் திருப்புகிறார்களாம் என்றார். நிச்சயமான செய்தி இல்லை, கேள்விப்பட்டதுதான். எனக்கு அது போதுமாக இருந்தது. பிற்பகல் என் முறை வரும்போது வாய்க்கால் காய்ந்திருக்கும் என்று மனம் முடிவு கட்டிவிட்டது. அதன்பிறகு படுக்கையில் கிடக்கும்போது நான் பயந்ததெல்லாம் கண்முன் வரிசையாக வந்தது: காய்ந்த வயல், காலி மண்டபம், மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போவது, ஊர் என்னைப் பார்ப்பது.

நள்ளிரவு தாண்டி எழுந்து போனேன். டார்ச் அடிக்கவில்லை. வாழை மட்டையையும் வைக்கோலையும் சேற்றையும் வைத்து வாய்க்காலை என் நிலத்துக்குக் கீழே அடைத்தேன். என் மடையை வெட்டிவிட்டேன். தண்ணீர் என் வயலுக்குள் திரும்பியது. கிழக்கே, கொஞ்ச தூரத்தில், அக்காவின் மடைப் பக்கம் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்துகொண்டே இருந்தது. அவர் காத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் நல்லவன்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடமில்லாமல் செய்தது அந்த வெளிச்சம். அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். விடிவதற்கு முன் அடைப்பை எடுத்துவிட்டு, மடையை மூடி, கால் கழுவிக்கொண்டு வந்து படுத்தேன். தூக்கம் வந்தது. பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை டீக்கடை முன்னால் அக்கா வந்து, தண்ணீர் தன் மடைக்கு வரவில்லை என்றார். கொஞ்ச நேரம் ஓடியது, அப்புறம் நின்றுவிட்டது என்றார். அவருக்கு முன் முறைக்காரர், தான் விட்டுவிட்டு வரும்போது வாய்க்கால் ஓடியதே என்றார். ரெகுலேட்டரில் விசாரித்தார்கள், அடைக்கவில்லை. எனக்கு வந்த செய்தியே பொய். யாரோ ஒருவர் சொன்னார், "அக்கா, நீங்க தூங்கிட்டீங்க. தண்ணி தானா வடிஞ்சு போயிருக்கும்." அவர் இல்லை என்றார். வயசாகிவிட்டது, ராத்திரியில் கண் அயர்ந்திருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். ஊர் அப்படியே பேசி முடித்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், முறைச் சீட்டு என்னிடம் இருந்ததால். அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் அக்கா என்றேன்.

தண்ணீரைத் திருப்பியது ஒரு பாவம். இந்த வார்த்தை அதைவிடப் பெரிய பாவம். பயத்தில் செய்தேன் என்று முதலாவதற்குச் சொல்லலாம். பகல் வெளிச்சத்தில், பத்துப் பேர் நடுவில், ஒரு பெண் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவரைத் தூங்கியவராக்கி நின்றதற்கு என்ன சொல்வது?

அந்த அடுத்த சுற்று சரியாக வரவில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 30-இல் தொடங்கியதாக அறிவித்தார்கள். பெய்ய வேண்டியதில் தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவு என்று பிற்பாடு கணக்குச் சொன்னார்கள். நவம்பர் 8-இல் பணமதிப்பிழப்பு. பழைய நோட்டை வாங்கக்கூடாது என்று கூட்டுறவு வங்கிக்குத் தடை வந்தது, எங்கள் வரவுசெலவு எல்லாம் அங்கேதான். டிசம்பர் தொடக்கத்தில் நாடா புயல் வருகிறது என்றார்கள். புயலை வரவேற்றுக் காத்திருந்த ஊரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் காத்திருந்தோம். அது வலுவிழந்து காரைக்கால் பக்கம் கரை ஏறியது, எங்கள் வயலுக்குப் போதுமானது பெய்யவில்லை. பத்து நாள் கழித்து வர்தா சென்னையைப் புரட்டிப்போட்டது. எங்களுக்கு வெறும் காற்று.

அக்காவின் பயிர் முதலில் காய்ந்தது. என் பயிர் திருட்டுத் தண்ணீரில் இன்னும் சில வாரம் பச்சையாக நின்று, கதிர் வரும் முன்னே வெந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டேன். 2017 ஜனவரி 10-இல் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டமாக அரசு அறிவித்தது, நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம்.

இந்த இடத்தில் ஒரு எளிய முடிவைச் சொல்லிவிடத் தோன்றும். திருடியும் உனக்கு விளையவில்லை பார், பொறுத்திருந்தால் கடவுள் கொடுத்திருப்பார் என்று. நான் அப்படிச் சொல்லமாட்டேன். பொறுத்திருந்த அக்காவுக்கும் விளையவில்லை. ஊரில் ஒருவருக்கும் விளையவில்லை. அந்தப் பருவத்தில் டெல்டாவில் காய்ந்த பயிரைப் பார்த்து வயலிலேயே நெஞ்சடைத்து விழுந்தவர்கள் உண்டு, மருந்து குடித்தவர்கள் உண்டு. அந்த வீடுகளில் போய், எல்லாம் கடவுளின் நேரம் என்று சொல்கிற துணிச்சல் எனக்கு வேண்டாம். மேட்டூரின் மதகைத் திறப்பதும் மூடுவதும் மனிதர்கள். ஆற்றைப் பங்கு போட்டுக்கொள்ளத் தெரியாமல் நீதிமன்றம் நீதிமன்றமாக அலைவதும் மனிதர்கள். தூர்வாராத வாய்க்காலும் கடவுள் செய்தது இல்லை. அதையெல்லாம் தட்டிக் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டும் இருக்கிறோம். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பது சோம்பல்.

அப்படியானால் கடவுளின் நேரத்துக்குக் காத்திருப்பது என்றால் என்ன? இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாளானது. புரியவைத்தது ஒரு பழைய கதை.

ஆபிரகாமின் கதையை நான் கெபியில் பலமுறை சொல்லியிருக்கிறேன். கடவுள் பிள்ளை தருவதாக வாக்குக் கொடுத்தார், வருஷங்கள் போயின, சாராவால் பொறுக்க முடியவில்லை, எகிப்திய அடிமைப்பெண் ஆகாரைக் கணவருக்குக் கொடுத்தார், ஆகாருக்குப் பிள்ளை பிறந்தது, ஆனாலும் கடவுள் தம் வாக்கை மறக்கவில்லை, ஈசாக்கு பிறந்தான். இப்படித்தான் சொல்வேன். பொறுமை இழந்தாலும் கடவுள் இரக்கமுள்ளவர் என்று முடிப்பேன். 2018 தவக்காலத்தில் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, முன்வரிசையில் அக்கா இருந்தார். கதையில் ஆகார் என்கிற பெயரை உச்சரித்ததும் எனக்கு நா எழவில்லை.

ஆபிரகாமும் சாராவும் அவசரப்பட்டார்கள், அதற்கு விலை கொடுத்தவள் ஆகார். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, தோல்பையில் இருந்த தண்ணீர் தீர்ந்து, பிள்ளையைப் புதருக்கடியில் கிடத்திவிட்டு, அவன் சாவதைப் பார்க்க மனமில்லாமல் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுதவள் அவள். வாக்குறுதி பெற்றவர்களின் கவலையை வாக்குறுதி பெறாத ஒருத்தி சுமந்தாள். கடவுள் அவளுக்குக் கிணற்றைக் காட்டினார் என்பது கடவுளின் நன்மை. அனுப்பியவர்களுக்கு அதில் பங்கில்லை. இத்தனை வருஷமும் இந்தக் கதையை நான் ஆபிரகாமின் கூடாரத்துக்குள் இருந்தே சொல்லி வந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து எனக்குள் ஒன்று தெளிவாக நிற்கிறது. நாளை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. மழை வரலாம், வராமலும் போகலாம். கடவுளை நம்புகிறவனுக்கு அதில் சலுகை ஏதும் எழுதித் தரப்படவில்லை. என் முறை வரும்வரை அடுத்தவர் முறையில் கைவைக்காமல் இருப்பது ஒன்றுதான் என்னிடம் கேட்கப்படுகிறது. என் நேரம் எனக்குக் கிடைக்காமலே போய்விடுமோ என்ற பயம் வரும்போதுதான் நான் நம்புகிறேனா இல்லையா என்பது தெரியும். பயம் வருவதைத் தடுக்க முடியாது. பயத்தின் கையில் மண்வெட்டியைக் கொடுக்காமல் இருக்கலாம்.

கல்யாணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பொங்கல் கழித்து, வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். நான் பேச்சை எடுக்கும் முன்னே சம்பந்தி, "உங்க பக்கம் மட்டும் மழ பெய்ஞ்சிடுச்சா மச்சான்? எங்களுக்கும் அதே கததான். ஈஸ்டர் கழிச்சு வச்சுக்குவோம், கோயில்ல சிம்பிளா" என்றார். ஏப்ரல் 16 ஈஸ்டர், மே மாதம் கல்யாணம். நான் மாதக்கணக்கில் செத்துப் பிழைத்த விஷயம் வாசல் திண்ணையில் ஒரு டம்ளர் காப்பி ஆறும் முன்னே முடிந்தது. என் மனைவி செப்டம்பரிலேயே சொன்னாள். அப்போதே கேட்டிருந்தால் அக்டோபரில் நான் வாய்க்காலுக்குப் போயிருக்கமாட்டேன். மகளிடமும் மனைவியிடமும் அதற்கு மன்னிப்புக் கேட்டேன். வாய்க்கால் விஷயத்தை அவர்களிடமும் அப்போது சொல்லவில்லை.

பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. சொன்னேன், ஆனால் சொல்லவில்லை. 2016 கிறிஸ்துமஸுக்கு முன்னால் முழந்தாளிட்டு, பிறர் பொருளுக்கு ஆசைப்பட்டேன் சாமி என்றேன். அந்த வார்த்தைக்குள் தண்ணீரை மறைத்தேன். சாமியார் ஐந்து அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். ஆகார் கதைக்குப் பிறகும் ஒரு வருஷம் இழுத்தேன். இடையில் 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வந்து எங்கள் கரையையே சாய்த்தது. கூரை போட, மரம் வெட்ட என்று நாட்கள் போயின, அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். 2019 தவக்காலத்தில், புதிதாக வந்த சாமியாரிடம், நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடவுள் மன்னிக்கிறார். ஆனா தண்ணி அந்த அம்மாவோடது. பேரும் அந்த அம்மாவோடது. ரெண்டையும் திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றார்.

அக்கா வீட்டு வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. குத்தகை நெல். சொன்னேன். முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை அவர் கையால் நெல்லைத் துழாவிக்கொண்டே இருந்தார்.

"தெரியும் தம்பி" என்றார். "அன்னிக்குக் காலைலயே தெரியும். உன் வரப்பு ஓரமாத்தான் வீட்டுக்கு வந்தேன். நண்டு வளையெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு."

"ஏன் அக்கா சொல்லல?"

"யாரு கேப்பா? செபம் சொல்ற வாயி பொய் சொல்லாதுன்னு ஊரு நம்பிக்கிட்டு இருக்கு. நான் சொன்னா, தூங்குனதை மறைக்கிறான்னுவாங்க."

அவர் அழவில்லை. எனக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னார். தூங்கிவிட்டார் என்ற பேச்சு வெளிநாட்டில் இருக்கும் மகன் காதுக்குப் போயிருக்கிறது. ராத்திரியில் தனியாக வாய்க்காலில் நிற்கிற வயசா இது என்று மகன் போனிலேயே சண்டை பிடித்து, அடுத்த வருஷம் நிலத்தைக் குத்தகைக்கு விடவைத்துவிட்டார். கணவர் போனபின் தன் கையால் செய்த சாகுபடி அத்தோடு நின்றது. அவர் குத்தகைக்கு விட்டது முதுமையால் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஈடாக நெல் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். "குடு, வாங்கிக்கிறேன். கடன் கடன்தான்" என்றார். "ஆனா அது போதாது. ஊர்ல சொல்லு. எல்லாரும் இருக்கயில சொல்லு."

பெரிய வெள்ளிக்கு முந்தின ஞாயிறு, குருத்தோலைப் பவனி முடிந்து கோயில் முற்றத்தில் ஊர் நின்றபோது சொன்னேன். சிலர் திட்டினார்கள். இத்தனை வருஷம் கழித்து இது எதற்கு என்று ஒருவர் கேட்டார். அக்காவைத் தூங்கிவிட்டதாகச் சொன்னவர் அவரிடம் போய்க் கைகூப்பினார். முறைச் சீட்டை வேறொருவர் எழுதட்டும் என்று கொடுத்துவிட்டேன். செபமாலையை இப்போது ஒரு பள்ளி ஆசிரியை முன்னின்று சொல்கிறார். நான் பின்வரிசையில் நின்று பதில் சொல்கிறேன். எனக்கு அது பொருத்தமான இடம்.

மாறிவிட்டேன் என்று சொல்ல முடியாது. 2020-இல் எட்டு ஆண்டுக்குப் பிறகு ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தபோது சந்தோஷத்தைவிட, இது எத்தனை நாள் ஓடுமோ என்ற பயமே முதலில் வந்தது. 2023-இல் மறுபடியும் அதே கதை. ஜூன் 12-இல் திறந்து, தண்ணீர் போதாமல் அக்டோபர் 10-இல் மூடினார்கள். குறுவை கருகியது. மறுபடி முறை, மறுபடி ராத்திரி. பழைய படங்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வரிசையாக வந்தன. அந்த ராத்திரிகளில் நான் என் மடைக்குத் தனியாகப் போகவில்லை. மேல் நிலத்துக்காரரையோ கீழ் நிலத்துக்காரரையோ கூட்டிக்கொண்டு போனேன், அவர்களும் ஏன் என்று கேட்கவில்லை. என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாத நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்திக்கொள்வதும் கடவுளை நம்புவதில் சேர்த்தி என்று நினைக்கிறேன்.

இதை எழுதச் சொன்னவரும் அக்காதான். ஊரில் சொன்னது ஊரில் இருப்பவர்களுக்குத்தானே தெரியும் என்றார். திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள், கல்யாணங்காட்சிக்கு வரும்போது இன்னமும் அவரிடம், தூக்கத்தில் தண்ணீரை விட்டுவிட்டீர்களாமே என்று கேட்கிறார்களாம். "பத்திரிகைக்கெல்லாம் எழுதுவியே, இதையும் எழுது" என்றார்.

எங்கள் ஊரை விட்டுப் போனவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். 2016 அக்டோபரில் அந்த ராத்திரி அக்கா தூங்கவில்லை. விடியும்வரை தன் மடையில் விழித்தே நின்றார். அவருடைய தண்ணீரைத் திருப்பியவன் நான்.